ஒரே ஒரு பிரதி உள்ள பாட்டு



கொஞ்ச காலமாக நமக்கு வரும் கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் ஒரு புதுவகைக் கேள்வி தலைகாட்டுகிறது. என் கவிதை எப்போது வரும், சந்தா எங்கே கட்டுவது என்பவற்றோடு இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது: "வீட்டில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. கணினியில் ஏற்றப் போகிறோம். எந்த வடிவத்தில் சேமித்து வைப்பது நல்லது?"

கேட்பவர்களிடம் இருப்பவை என்ன என்று விசாரித்தால் மனசு நிறைந்துபோகிறது. மஸ்கெலியாவில் ஒருவர் தாத்தா காலத்துக் காமன் கூத்துப் பதிவு வைத்திருக்கிறார். இராகலைப் பக்கத்து ஆசிரியை ஒருவரிடம் அம்மாயி பாடிய தாலாட்டு இருக்கிறது. கொட்டகலையில் ஒரு வீட்டில் பிஸ்கட் டின் நிறைய கேசட் கடிதங்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பியவை. அவற்றின் நடுவே இலங்கை வானொலியிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகளும் அறிவிப்பாளர் குரலோடு சேர்ந்தே கிடக்கின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளாக். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரிக்க நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஒலி உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? இளையராஜாவின் பாட்டு என்றால் இருக்கிறது. கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறது, இறுவட்டில் இருக்கிறது, இணையத்தில் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேசட் நாளை அறுந்தாலும் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதை எம்பி3 ஆக வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மஸ்கெலியாக் கூத்து அப்படியல்ல. பாடியவர் இல்லை. தப்படித்தவர் இல்லை. பதிந்த ரேடியோவும் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். மிச்சம் இருப்பது மூன்றே முக்கால் மில்லிமீட்டர் அகல நாடா ஒன்று. அதைக் கணினியில் ஏற்றும் அந்த ஒரு தடவைதான் நமக்கு வாய்ப்பு. இரண்டாம் தடவை ஓட்டுவதற்கு அந்த நாடா இடம் கொடுக்குமா என்பது அதன் இஷ்டம்.

போன மாதம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி இதைப் பற்றித் தொலைபேசியில் என்னோடு மல்லுக்கு நின்றார். "சேர், எம்பி3 போதாதா? போன்ல நல்லாத்தானே கேக்குது. ஃபிளாக்னா எடத்த அடைக்குது சேர்." நியாயமான பேச்சு. எம்பி3-ஐப் பற்றி இழிவாகப் பேசுவது இசைப் பிரியர்களிடையே ஒரு கௌரவமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அது பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடன் இருந்தவர்களும் அதை உருவாக்கினார்கள், '.எம்பி3' என்ற பின்னொட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தது 1995-இல். இறுவட்டில் ஒரு மணி நேர இசை ஏறக்குறைய 635 மெகாபைட். அன்றைய தொலைபேசி மோடத்தில் அதை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். சில மணி நேரத்தில் வந்து சேரும். பதினொன்றில் பத்துப் பங்கைத் தூக்கிப் போட்ட பிறகும் பாட்டு பாட்டாகவே கேட்கிறது என்றால், அது சாதாரண வித்தை இல்லை. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கும் சின்னச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அப்படி எட்டாதவற்றைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடம் கொடுக்காமல் விடுவதுதான் எம்பி3 செய்வது.

அந்த வித்தை தடுமாறும் இடம் எது தெரியுமா? நம்முடைய தப்பு மேளம்.

தப்படிப்பவரின் ஒரு கையில் மெல்லிய மூங்கில் சிம்பு, மறு கையில் தடித்த குச்சி. சிம்பு தோலில் பட்டதும் எழும் சத்தம் 'சுளீர்' என்று ஒரே நொடித்துணுக்கில் உச்சிக்குப் போய்விடும். அதற்கு முன்னால் நிசப்தம். பின்னால் தோலின் முழக்கம். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு சட்டகம் 1,152 மாதிரிகள். இறுவட்டுத் தரத்தில் சுமார் 26 மில்லிசெக்கன். கூர்மையான அடி ஒரு துண்டின் நடுவில் விழுந்தால், சுருக்கும்போது உண்டாகும் பிசிறு அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. அதாவது அடி விழுவதற்கு முன்பே அதன் புழுதி எழும்பிவிடுகிறது. பொறியாளர்கள் இதற்கு முன்னெதிரொலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் விரலில் மாட்டித் தட்டும் கேஸ்டனட் என்ற மரச்சிப்பியின் ஒலியை வைத்துத்தான் இதைச் சோதிப்பது வழக்கம். அந்தப் பொறியாளர்கள் நம் காமன் பொட்டலுக்கு வந்திருந்தால் தப்பை வைத்தே சோதித்திருக்கலாம். நல்ல சுருக்கி மென்பொருள்கள் கூர்மையான அடி வருவதை முன்கூட்டியே கண்டு துண்டைச் சின்னதாக்கிச் சமாளிக்கின்றன. அதிக பிட்ரேட்டில் குறை தெரியாது. ஆனால் வட்ஸ்அப்பில் சுற்றுவதற்காக 64 கிலோபிட்டுக்கு இறக்கிய கூத்துப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அடி மழுங்கி, சலங்கை மணல் அரைப்பதுபோல் ஆகியிருக்கும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்த 320 கிலோபிட் எம்பி3-ஐயும் ஃபிளாக்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கண்ணைக் கட்டிக் கேட்டால் பெரும்பாலோர் தோற்றுப்போவோம், நானும்தான். "ஃபிளாக்கில் கேட்டால் தப்பு பக்கத்தில் நின்று அடிக்கிற மாதிரி இருக்கிறது" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் என் சிபாரிசுக்குக் காரணம் இன்றைய காது அல்ல. இந்தப் பதிவுகளின் மேல் இனிமேல் நடக்கப்போகும் வேலைதான் காரணம். நாடாவின் இரைச்சலைக் குறைக்க வேண்டும். மழைச் சத்தத்திலிருந்து பாடகர் குரலைப் பிரிக்க வேண்டும். வேகம் பிசகிய இடத்தைச் சரிக்கட்ட வேண்டும். ஒரு மாணவி தப்பின் அடிவகைகளை அளந்து ஆய்வு எழுத வேண்டும். இந்த வேலைகளைச் செய்யும் மென்பொருள்கள் நம் காதைப் போல ஏமாறுவதில்லை. காதுக்கு எட்டாது என்று எம்பி3 கழித்துக்கட்டியவற்றைத்தான் அவை தேடுகின்றன. அதோடு, எம்பி3-ஐத் திறந்து, வெட்டி ஒட்டி, மறுபடியும் எம்பி3 ஆகச் சேமித்தால் கழிவின் மேல் கழிவு. நாலு கை மாறுவதற்குள் ஒலி தேய்ந்துபோகும்.

பொகவந்தலாவைத் தம்பிக்கு நான் சொன்ன பதிலில் அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டது இதுதான்: "தம்பி, நாலரைக் கிலோ கொழுந்து சேர்ந்துதான் ஒரு கிலோ தூள் ஆகுது. தூளா ஆனதுக்கப்புறம் அத வாட்டுக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொழுந்தாக்க முடியுமா?" இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இருக்கிற எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கோப்பு பெருக்கும், அவ்வளவுதான். போனது போனதுதான்.

சரி, ஃபிளாக் என்ன செய்கிறது? அது எதையும் கழிப்பதில்லை. ஒலியின் அடுத்த மாதிரி எங்கே விழும் என்று முந்தைய மாதிரிகளைப் பார்த்து ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. வித்தியாசம் சின்ன எண்ணாக இருப்பதால் இடம் மிச்சம். திரும்ப ஓட்டும்போது ஊகத்தோடு வித்தியாசத்தைக் கூட்டினால் முதலில் இருந்த ஒலி ஒரு பிட் பிசகாமல் வந்துவிடும். இசையைப் பொறுத்து, முதலில் இருந்த அளவில் பாதிக்கோ மூன்றில் இரண்டு பங்குக்கோ சுருங்கும். இரைச்சலை ஊகிக்க முடியாது என்பதால் இரைச்சல் மிகுந்த பழைய நாடாக்கள் அவ்வளவாகக் குறையாது. அதை எதிர்பார்த்தே இருங்கள்.

ஜோஷ் கோல்சன் என்பவர் 2000-இல் தொடங்கிய வேலை இது. முதல் முழுப் பதிப்பு 2001-இல் வந்தது. 2003-இல் ஸிஃப் என்ற இலவச மென்பொருள் அமைப்பின் குடைக்குள் வந்தது. யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு ஃபிளாக்கின் இலக்கணத்தை ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் பொதுத் தரமாக வெளியிட்டது. இந்தக் கடைசித் தகவல் சலிப்பூட்டலாம், எனக்கு முக்கியம் அதுதான். இருபது வருடத்துக்கு முன் இணையத்தில் தமிழ்ப் பாட்டுக் கேட்டவர்களுக்கு ரியல் பிளேயர் நினைவிருக்கும். அன்றைக்கு எல்லாரும் அதில்தான் பாட்டுக் கேட்டார்கள். இன்றைக்கு அந்தக் கோப்பு ஒன்றை உங்கள் பிள்ளையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு கம்பெனியின் கையில் சாவி இருக்கும் வடிவத்தில் பாட்டியின் குரலைப் பூட்டி வைக்கக் கூடாது. இலக்கணம் ஊருக்குத் தெரிந்ததாக இருந்தால், மென்பொருள் எல்லாம் அழிந்தாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக. ஆப்பிளின் அலாக் 2004-இல் வந்தது. 2011-இல் அதையும் திறந்துவிட்டார்கள். அதுவும் இழப்பில்லாததுதான். ஐபோன், மேக் மட்டுமே புழங்கும் வீடென்றால் தாராளமாக அதில் வைக்கலாம். பிறகு மனம் மாறினால் அலாக்கை ஃபிளாக்காக மாற்றுவதில் எதுவும் போகாது. இழப்பில்லா வடிவங்களுக்குள் இருக்கும் பெரிய நிம்மதி அது. மங்கிஸ் ஆடியோ, வேவ்பேக் போன்றவற்றிலும் கெடுதல் இல்லை, ஆனால் நாளை நீங்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கும் வீட்டில் அவை திறக்குமா என்பது சந்தேகம். ஃபிளாக் ஆண்ட்ராய்டு போன்களிலும் விண்டோஸ் 10-உம் அதற்குப் பிந்தியதும் உள்ள கணினிகளிலும் தனி மென்பொருள் இல்லாமலே ஓடும்.

ஃபிளாக்குக்கு உண்மையான போட்டி வேவ். 1991-இல் மைக்ரோசாப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம். சுருக்கமே கிடையாது, ஒலியை அப்படியே கொட்டி வைக்கும். உலகத்தின் பெரிய ஆவணக்காப்பகங்கள் இதைத்தான் விரும்புகின்றன. சர்வதேச ஒலி, ஒளி ஆவணக்காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ தன் வழிகாட்டியில் சிபாரிசு செய்வது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் வகுத்த 'ஒலிபரப்பு வேவ்' என்ற வகையை. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட்டு நான் ஏன் ஃபிளாக் என்கிறேன்? அவர்களிடம் குளிரூட்டிய அறையும், தனியாகத் தகவல் பதியும் கணினியும், அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆளும் உண்டு. நம்மிடம் இருப்பது சாமி அலமாரிக்குக் கீழே ஒரு ஹார்ட் டிஸ்க். அங்கே பாட்டு ஒரு பக்கம், பாட்டைப் பற்றிய விவரம் ஒரு பக்கம் என்று இருந்தால் இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே விவரத்தைத் தமிழ் எழுத்தில், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம். ஒலிபரப்பு வேவில் விவரத்துக்கென்று ஒதுக்கிய இடம் 256 எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து. 'மேட்டு லயம் மாரியம்மன் திருவிழா' என்று தமிழில் எழுத அதில் வழியில்லை.

இன்னொரு வசதி. ஃபிளாக் தன் தலைப்பகுதியில் மூல ஒலியின் விரல் ரேகை போன்ற ஒரு எண்ணைப் பொறித்து வைக்கிறது. பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் எங்காவது அரித்திருந்தால், ஒரு கட்டளை போட்டுச் சரிபார்க்கும்போது எந்தக் கோப்பு கெட்டது என்று அதுவே சொல்லிவிடும். சாதாரண வேவ் கெட்டுப்போனால், அந்த இடத்தில் 'கர்' என்று ஒரு சத்தம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றும் தோட்டங்களில் புதிதாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடிய விடிய நடக்கும் கூத்து அது. ரதி மதன் கல்யாணம் நடந்து, தபசு கலைந்து, மதன் எரிந்து முடிவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். வேவ் கோப்பு நாலு ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. அதன் அளவை எழுதும் இடமே அவ்வளவுதான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துப் பதிந்தால் இரண்டு மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும். சில கருவிகள் தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், சில பேசாமல் நின்றுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று கூத்துக்கு முந்திய இரவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பனி இறங்க இறங்கத் தோல் தளர்ந்து, தப்பைத் திரும்பத் திரும்ப நெருப்பில் காய்ச்சுவார்கள். காய்ச்சி எடுத்ததும் சுருதி ஏறி நிற்பது பதிவில் தெளிவாகக் கேட்கும். கருவியை இடையில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அந்த இடைவெளிகளில் பெரியவர்கள் பேசிக்கொள்வதும் பதிவாகட்டும்.

எண்கள் விஷயத்தில் கேசட்டுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும் என்பது என் அபிப்பிராயம். ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சம் என்று சொல்வதும் அதுதான். முடிந்தால் 96 என்கிறார்கள். ஆனால் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஊரும் நாடாவில், சாதாரண டூ-இன்-வன் ரேடியோவில் பதிந்ததில், அவ்வளவு உயரத்தில் பெரிதாக எதுவும் இருக்காது. 60 நிமிடக் கேசட் ஒன்று இப்படி ஏற்றினால் ஒரு ஜிகாபைட். ஃபிளாக்கில் அதன் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒட்டி வரும். நூறு கேசட் சேர்த்தாலும் ஒரு பெரிய பென் டிரைவில் அடங்கும். தம்பி சொன்ன 'எடத்த அடைக்குது' என்ற கவலை மோடம் காலத்துக் கவலை. 192 கிலோஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலைக்கு விற்கும் பாட்டுகளுக்கும் நாம் மயங்க வேண்டாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு சரி, என் வயதில் அதுவும் இல்லை.

வடிவத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொன்னால் கோபிக்காதீர்கள்: கேசட்டை ஒழுங்காக ஓட்டாவிட்டால் எந்த வடிவமும் உதவாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சுவர்களில் படியும் ஈரம் கேசட்டையும் விடாது. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், மூச்சுக்குள்ளும் போகும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். நல்ல கேசட் என்றாலும், முதல் வேலையாகப் பின்புற விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். பிறகு யார் தவறுதலாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஒலி மந்தமாகக் கேட்டால் நாடாவைக் குற்றம் சொல்வதற்கு முன், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியைச் சற்றே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் பாடகர் வாயிலிருந்து துணியை எடுத்தது போல ஒலி திறந்துகொள்ளும். ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றாமல் 6 டெசிபல் கீழே நிறுத்துங்கள்; 24 பிட்டில் அந்த இடைவெளி நஷ்டமில்லை, உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்ட தப்படியை மட்டும் மீட்க முடியாது. ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். இரைச்சல் நீக்கும் பொத்தானை முதல் பிரதியில் தொடாதீர்கள். அழகுபடுத்தலை எல்லாம் நகலில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ரேடியோக்கள் பதியும்போது ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்கும். பலத்த அடி ஒன்று விழுந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றும். அதனால் பழைய கூத்துப் பதிவுகளில் ஒவ்வொரு தப்படிக்கும் பிறகு பாடகர் தூரத்திலிருந்து நடந்து வருவது போலக் கேட்கும். இது நாடாவிலேயே பதிந்த குறை. இதைச் சரிக்கட்ட இனி ஒரு நல்ல மென்பொருள் வரலாம். வரும்போது அதற்குக் கொடுக்க நம்மிடம் முழு ஒலியும் இருக்க வேண்டும்.

நம் முன்னோர் பாட்டுகளில் பெரும்பகுதி நமக்கு எழுத்தாகவே வந்து சேர்ந்திருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்தவை புத்தகத்தில் இருக்கின்றன. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், லயத்து மக்களிடம் பாட்டுக் கேட்டார் என்பதே இன்றைக்கு யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் 1940-இல் சிறு நூலாக அச்சாகின. வாசிக்கிறோம், ஆய்வு செய்கிறோம், மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அச்சில் மூச்சு வராது. எந்த இடத்தில் இழுத்தார்கள், எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து பாடியது, ஒப்பாரியில் எந்தச் சொல்லில் குரல் உடைந்தது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாத சமாச்சாரம். கேசட் வந்த பிறகுதான் சாதாரண லயத்து வீட்டில் பாட்டு பாட்டாகவே தங்கத் தொடங்கியது. அந்த வகையில் நம் மக்களின் முதல் ஒலிச் சுவடி அந்த பிஸ்கட் டின்தான். ஆகவேதான் பத்து ரூபாய்க் கேசட்டுக்கு இவ்வளவு சடங்கு.

ஏற்றியாகிவிட்டதா? இப்போது பெயர் வையுங்கள். 'டிராக் 01' என்று கிடக்கும் கோப்பு அனாதைக் கோப்பு. யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடம், என்ன சந்தர்ப்பம், யாருடைய கேசட், யார் எப்போது ஏற்றியது என்று தமிழில் எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால், "பெரியக்கா கலியாணத்துக்கு முந்திய மாசி" என்று எழுதுங்கள். அதை வைத்து வருடம் கண்டுபிடிக்க ஆள் வரும். கேசட் உறையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே அந்தப் படத்தைப் பொதிந்தும் வைக்கலாம்.

பிரதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் இருந்த இடமே தெரியாமல் போனது. மழைக்காலத்தில் நம்மில் பலர் தூங்குவதே அந்த நினைப்போடுதான். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் கையில் இருக்கட்டும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன சொந்தங்கள் இருந்தால் அவர்களுக்கே அனுப்புங்கள். அந்தப் பாட்டு அவர்களுடையதும்தான். மூன்றாவது பிரதியைப் பொது ஆவணத்துக்குக் கொடுக்கலாம். 2005-இல் தொடங்கிய நூலக நிறுவனம், நூல்களோடு நில்லாமல், ஆவணகம் என்ற பெயரில் ஒலிப்பதிவு, படம், வாய்மொழி வரலாறு போன்றவற்றையும் சேர்த்துவருகிறது. வட்ஸ்அப்பில் உறவுகளுக்கு அனுப்ப எம்பி3 பிரதி ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதற்கு அது அருமையான வடிவம். ஃபிளாக்கையே அனுப்ப வேண்டுமானால் 'டொகியுமண்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள்; அப்போது அப்படியே போய்ச் சேரும்.

கடைசியாக, இராகலை ஆசிரியை கேட்டிருந்த ஒரு சந்தேகம். அம்மாயியின் தாலாட்டு இருக்கும் அதே கேசட்டின் மறுபக்கத்தில், பக்கத்து வீட்டுச் சாவில் அம்மாயி வைத்த ஒப்பாரியும் இருக்கிறதாம். இணையத்தில் போடலாமா என்று கேட்கிறார். தாலாட்டு உங்கள் வீட்டுச் சொத்து டீச்சர், நீங்கள் முடிவு செய்யலாம். ஒப்பாரி அப்படி இல்லை. அதில் செத்தவர் பெயர் வரும். அவர் பட்ட கடனும், அவரை ஏமாற்றிய தம்பி பெயரும்கூட வரும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதே லயத்தில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பொழுதுசாய்ந்த நேரம் போய், போனில் போட்டுக் காட்டி, கேளுங்கள். சரி என்றால் பெயரோடு போடுங்கள். வேண்டாம் என்றால் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, உங்களுடையதைப் பேசாமல் வீட்டிலேயே வைத்திருங்கள். அதையும் ஃபிளாக்கிலேயே.

அன்புடன்,
ஆசிரியர்